வீட்டு வீடியோக்களை டிவியில் ஓட்ட எந்தப் பெட்டி வாங்கலாம்?

கையில் இருக்கும் ஃபைல்கள் எந்த வகை, அவை எங்கே கிடக்கின்றன, சத்தம் எந்த ஸ்பீக்கரில் வர வேண்டும்? இந்த மூன்றும் தெரிந்துவிட்டால் எதை வாங்குவது என்பது ஏறக்குறைய தானாகவே முடிவாகிவிடும். இவற்றைப் பார்க்காமல், அட்டையில் ‘8கே, எட்டு கோர், 4 ஜிபி ராம்’ என்று அச்சடித்திருப்பதை நம்பி வாங்கினால் படம் ஓடும், சத்தம் வராது. சத்தம் வந்தால் படம் திக்கும். கல்யாண வீடியோ, ஃபோனில் எடுத்தவை, பழைய டிவிடியிலிருந்து ஏற்றியவை, புளூரே டிஸ்க்கிலிருந்து எடுத்த படங்கள் என எல்லாம் ஒரே ஹார்ட் டிஸ்கில் கலந்து கிடக்கும் வீட்டை மனதில் வைத்தே இங்கே எழுதியிருக்கிறோம்.

முதலில் ஃபைலைத் திறந்து பாருங்கள்

எம்கேவி, எம்பி4, ஏவிஐ எல்லாம் வெறும் டப்பா. உள்ளே இருக்கும் வீடியோ, ஆடியோ, சப்டைட்டில் மூன்றும் தனித்தனி. அதனால் ‘இந்த டிவி எம்கேவி ஓட்டும்’ என்று கடையில் சொல்வதில் பாதித் தகவல்கூட இல்லை. கம்ப்யூட்டரில் விஎல்சி என்ற இலவச பிளேயரில் ஃபைலை ஓடவிட்டு, டூல்ஸ் மெனுவில் கோடெக் இன்ஃபர்மேஷனைத் திறந்தால் வீடியோ கோடெக் (வீடியோவைச் சுருக்கிச் சேமித்த முறை), அளவு, நொடிக்கு எத்தனை ஃபிரேம், ஆடியோ கோடெக் எல்லாம் தெரியும். பிட் ஆழம் (8 பிட், 10 பிட் என நிறத்தின் நுணுக்கம்), குரோமா (4:2:0, 4:2:2 என நிறத் தகவலின் அளவு) போன்ற நுணுக்கங்களுக்கு மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருள் இன்னும் தெளிவு. ஒவ்வொரு வகைக்கும் ஒரு ஃபைல் பார்த்தால் போதும், நூறையும் பார்க்க வேண்டாம்.

1080 அளவில் 8 பிட் ஹெச்.264 என்றால் கவலையே இல்லை, எதிலும் ஓடும். ஹெச்.265, அதாவது ஹெச்இவிசி, 2016க்குப் பிறகு வந்த 4கே டிவிகளிலும் பெட்டிகளிலும் ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஓடும். 10 பிட்டாக இருந்தாலும் ஓடும். மலிவான ஹெச்டி ரெடி டிவிகளில் ஓடாமல் போகலாம். ஏவி1 என்ற கோடெக் 2018ல் வந்தது, புதிய சிப்களில் மட்டும்தான் இதைப் பிரிக்கும் தனி ஹார்ட்வேர் உண்டு. பழைய எக்ஸ்விட் ஏவிஐ ஃபைல்களைப் புதிய டிவிகள் பல கைவிட்டுவிட்டன, ஆனால் விஎல்சியோ, கோடி (Kodi) என்ற இலவச பிளேயரோ நிறுவ முடிந்த எந்தப் பெட்டியும் அவற்றைச் சுலபமாக ஓட்டும்.

சிக்கல் வருவது இரண்டு இடங்களில். ஒன்று, அனிமே ஃபைல்களில் அதிகம் காணப்படும் 10 பிட் ஹெச்.264. டிவி பெட்டிகளின் சிப்கள் இதை ஹார்ட்வேரில் பிரிப்பதில்லை என்றே வைத்துக்கொள்ளலாம். பிராசஸர் தன் பலத்தில் ஓட்ட வேண்டும். இன்னொன்று, யாரும் எதிர்பார்க்காத இடம்: கல்யாண வீடியோ. இன்றைய கேமராக்கள் பல 4:2:2 10 பிட்டில் பதிவு செய்கின்றன. எடிட் செய்யாத அந்த மூலக் காட்சிகளை ஸ்டுடியோக்காரர் அப்படியே ஹார்ட் டிஸ்கில் போட்டுக் கொடுத்தால், டிவியும் ஓட்டாது, ஹெச்டிஎம்ஐயில் செருகும் ஸ்டிக்கும் ஓட்டாது, விலை உயர்ந்த பெட்டியும் பெரும்பாலும் ஓட்டாது. புதுப் பெட்டி தேடி அலைவதைவிட, ஸ்டுடியோவில் ‘4:2:0, 8 பிட், ஹெச்.264 எம்பி4, ஆடியோ ஏஏசி’ என்று எழுதிக் கொடுத்து ஒரு பிரதி வாங்கிக்கொள்வதே வழி. மூலத்தைத் தனியாகப் பத்திரப்படுத்துங்கள்.

பிட்ரேட்டையும், அதாவது ஒரு நொடிக்கு ஓடும் தரவின் அளவையும், கணக்கிட்டு வையுங்கள். ஃபைல் அளவை ஜிபியில் எடுத்து 8000ஆல் பெருக்கி, ஓடும் நேரத்தை நொடியில் எடுத்து வகுத்தால் மெகாபிட் கணக்கு வரும். 2 மணி நேரப் படம் 54 ஜிபி என்றால் சராசரி 60 மெகாபிட். 40 நிமிட முகூர்த்தக் காட்சி 30 ஜிபி என்றால் 100 மெகாபிட். 4.5 ஜிபியில் அடங்கிய 2 மணி நேரப் படத்துக்கு 5 மெகாபிட்தான். வயர், வைஃபை, லேன் போர்ட் எல்லாவற்றையும் தீர்மானிக்கப் போவது இந்த எண்தான்.

டிவியே போதுமா என்று சோதியுங்கள்

எதுவும் வாங்கும் முன் ஒரு பென் டிரைவில் வகைக்கு ஒன்றாக ஐந்தாறு ஃபைல் ஏற்றி டிவியின் யூஎஸ்பியில் செருகுங்கள். ஃபோன் வீடியோவும் ஹெச்.264 படமும் மட்டுமே இருக்கும் வீட்டில் வேலை இங்கேயே முடிந்துவிடும், பணமும் மிச்சம்.

டிவி தோற்கும் இடங்கள் தெரிந்தவைதான். படம் ஓடி, ‘ஆடியோ ஆதரவு இல்லை’ என்று வந்தால் அது பெரும்பாலும் டிடிஎஸ் என்ற சரவுண்ட் ஆடியோ வகை. சாம்சங் 2018 மாடல்களிலிருந்து டிடிஎஸ்ஸை எடுத்துவிட்டது. எல்ஜி 2020 முதல் 2022 வரை எடுத்துவிட்டு 2023ல் சில மாடல்களில் திரும்பக் கொண்டுவந்தது. இதற்காகவே பெட்டி வாங்க வேண்டியதில்லை. ஆடியோவை மட்டும் ஏசி3 (டால்பி டிஜிட்டல்), 640 கிலோபிட்டுக்கு மாற்றி, வீடியோவை ‘காப்பி’ என்று வைத்தால் ஒரு படத்துக்குச் சில நிமிடங்களே ஆகும், படத்தின் தரம் துளியும் குறையாது. விண்டோஸில் எக்ஸ்மீடியா ரீகோட் இதைச் செய்யும். கட்டளை எழுதத் தெரிந்தவர்களுக்கு எஃப்எஃப்எம்பெக்.

ஒரு ஃபைலை பென் டிரைவில் ஏற்றவே முடியவில்லை என்றால் டிரைவ் ஃபேட்32 என்ற பழைய ஃபார்மேட்டில் இருக்கிறது. அதில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்டக் கூடாது. எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ்ஸில் ஃபார்மேட் செய்ய வேண்டும். சாம்சங், எல்ஜி டிவிகள் என்டிஎஃப்எஸ்ஸைப் படிக்கும். ஆண்ட்ராய்டு பெட்டிகளில் அது தயாரித்தவரைப் பொறுத்தது. ஃபார்மேட் செய்தால் உள்ளே இருப்பது அழியும் என்பதை மறக்க வேண்டாம்.

ஹார்ட் டிஸ்கைச் செருகியதும் ‘டிக் டிக்’ என்று சத்தம் வந்து, ஒரு கணம் தெரிந்து மறைந்தால் டிஸ்க் பழுதாகிவிட்டது என்று பயந்துவிடாதீர்கள். யூஎஸ்பி 2.0 போர்ட் தருவது 0.5 ஆம்பியர், 2.5 அங்குல டிஸ்க் சுழலத் தொடங்கும்போது 1 ஆம்பியர் வரைகூட இழுக்கும். டிவியின் பின்னால் ‘ஹெச்டிடி’ என்று குறித்த போர்ட் இருந்தால் அதில் செருகுங்கள். இல்லாவிட்டால் தனி அடாப்டர் கொண்ட யூஎஸ்பி ஹப், அல்லது சொந்த அடாப்டரோடு வரும் 3.5 அங்குல டிஸ்க்.

ஸ்டிக், பெட்டி, கம்ப்யூட்டர்

ஸ்டிக்குகள் மலிவு, ஓடிடிக்கும் சேர்த்து உதவும். ஆனால் ஹார்ட் டிஸ்க் வைத்திருப்பவருக்கு அவை அரைகுறைத் தீர்வுதான். மின்சாரம் வரும் ஒரே யூஎஸ்பி துளைதான் எல்லாவற்றுக்கும். டிஸ்கைச் செருக மின்சாரத்தையும் தரவையும் பிரிக்கும் ஓடிஜி கேபிள் வேண்டும், ஸ்டிக்கின் வழியாக டிஸ்குக்குப் போதிய மின்சாரமும் போகாது. பென் டிரைவ் என்றால் சரி. ஃபைல்கள் நெட்வொர்க்கில் இருந்தால் இன்னும் சரி. டிவியின் யூஎஸ்பியிலிருந்து ஸ்டிக்குக்கு மின்சாரம் கொடுப்பதைத் தவிருங்கள், 4கே ஓடும்போது தானாக ரீஸ்டார்ட் ஆவதற்குப் பாதிக் காரணம் அதுதான். கூட வந்த அடாப்டரையே பயன்படுத்துங்கள்.

ஃபயர் டிவி ஸ்டிக் வாங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கோடி அமேசானின் ஆப்ஸ்டோரில் இல்லை. வெளியிலிருந்துதான் நிறுவ வேண்டும். 2025ல் வந்த ஃபயர் டிவி ஸ்டிக் 4கே செலக்ட் ஆண்ட்ராய்டில் இயங்குவதில்லை, வேகா என்ற புதிய இயங்குதளத்தில் இயங்குகிறது. ஆண்ட்ராய்டு ஆப்பை வெளியிலிருந்து ஏற்றும் வழியே அதில் கிடையாது. பெயரில் ‘4கே’ இருப்பதைப் பார்த்து அவசரப்பட வேண்டாம்.

ஆண்ட்ராய்டு டிவி, கூகுள் டிவி பெட்டிகளில் பார்க்க வேண்டியவை மூன்று: யூஎஸ்பி 3.0 போர்ட், லேன் போர்ட் 100 மெகாபிட்டா கிகாபிட்டா, கூகுளின் சான்றிதழ் உண்டா. மூன்றாவதை யாரும் பார்ப்பதில்லை. பெயர் தெரியாத கம்பெனியின் பெட்டிகளில் பல உண்மையில் ஆண்ட்ராய்டு டிவியே அல்ல, ஃபோனுக்கான ஆண்ட்ராய்டைத் திணித்தவை. அவற்றில் நெட்ஃபிளிக்ஸ் 480 அளவைத் தாண்டாது. அதைவிடப் பெரிய கேடு, தொழிற்சாலையிலேயே வைரஸ் ஏற்றி வந்தவையும் அவற்றில் உண்டு. பேட்பாக்ஸ் என்ற பெயரில் இது 2023ல் அம்பலமானது; 2025 ஜூனில் அமெரிக்காவின் எஃப்பிஐ இதைப் பற்றிப் பொது எச்சரிக்கையே விடுத்தது. வீட்டு வைஃபையில் வங்கிக் கணக்கு பார்க்கும் ஃபோன்களும் இருக்கின்றன. ஆயிரம் ரூபாய் மிச்சத்துக்காக இதை உள்ளே விடாதீர்கள்.

புளூரே டிஸ்க்கிலிருந்து அப்படியே எடுத்த பெரிய 4கே ஃபைல்களும், ரிசீவரோடு (ஸ்பீக்கர்களை இயக்கும் ஆம்ப்ளிஃபையர்) 5.1 ஸ்பீக்கரும் வைத்திருப்பவர்களுக்கு 2019ல் வந்த என்விடியா ஷீல்ட் டிவி ப்ரோ இன்னும் நல்ல தேர்வு. கிகாபிட் லேன், இரண்டு யூஎஸ்பி 3.0 போர்ட், டால்பி விஷன் (ஒளி, நிற வீச்சு கூடிய ஹெச்டிஆர் பட வகை) எல்லாம் உண்டு. ட்ரூஹெச்டி, டிடிஎஸ்-ஹெச்டி என்ற உயர்தர ஆடியோவைப் பிரிக்காமல் அப்படியே ரிசீவருக்கு அனுப்பும். ஏவி1 மட்டும் இல்லை. இந்தியக் கடைகளில் சுலபத்தில் கிடைக்காது, வெளிநாட்டிலிருந்து வருபவரிடம் சொல்லி வாங்க வேண்டும். அப்படி வாங்கினால் வாரண்டியை மறந்துவிடுங்கள்.

ஆப்பிள் டிவி 4கேயில் டிஸ்க் செருக யூஎஸ்பி போர்ட்டே இல்லை. ஃபைல்கள் நெட்வொர்க்கில் இருக்க வேண்டும். இன்ஃப்யூஸ் ஆப்பில் அனுபவம் மிக நேர்த்தி, ஐஃபோனில் எடுத்த டால்பி விஷன் வீடியோக்களுக்கும் ஹெய்க் வகைப் புகைப்படங்களுக்கும் இதைவிடப் பொருத்தமானது இல்லை. ஆடியோவைப் பெட்டிக்குள்ளேயே பிரித்து பிசிஎம்மாக (சுருக்காத ஆடியோ) அனுப்புவதால் ட்ரூஹெச்டியில் உள்ள அட்மாஸ் (தலைக்கு மேலிருந்தும் வரும் சத்தம்) கிடைக்காது. 2022 மாடலில் 64 ஜிபி வகைக்கு லேன் போர்ட் இல்லை, 128 ஜிபி வகைக்கு உண்டு.

ராஸ்ப்பெர்ரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டரை வாங்கி, அதில் லிப்ரெஎலெக் என்ற இயங்குதளத்தை ஏற்றுவது கைவேலை பிடித்தவர்களுக்கு. கோடி மட்டுமே இயங்கும், விளம்பரம் கிடையாது. ஆனால் ஒரு பொறி இருக்கிறது. பை 4 ஹெச்இவிசியை 4கே வரை ஹார்ட்வேரில் ஓட்டும், ஹெச்.264ஐ 1080 வரைதான். பை 5ல் ஹெச்.264க்கு ஹார்ட்வேரே இல்லை, பிராசஸர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். 4கே ஹெச்.264ல் கல்யாண வீடியோ வைத்திருப்பவர் பை 4 வாங்கினால் ஏமாற்றம்தான். பை 5க்கு 5 வோல்ட் 5 ஆம்பியர் அடாப்டர் இல்லாவிட்டால் யூஎஸ்பி போர்ட்டுகள் நான்குக்கும் சேர்த்து 600 மில்லிஆம்பியர்தான் தரும். ஹார்ட் டிஸ்க் எழாது.

பழைய லேப்டாப் ஒன்று சும்மா கிடந்தால் அதை ஹெச்டிஎம்ஐயில் இணைப்பதே பெரும்பாலான விசித்திர ஃபைல்களுக்கு மருந்து. ரிமோட் இல்லை என்பதும், ஃபேன் சத்தமும், வீட்டில் மற்றவர்கள் மவுஸைத் தேடுவதும்தான் விலை.

நெட்வொர்க்கில் வைத்தால்

ஹாலிலும் படுக்கையறையிலும் பார்க்க வேண்டும் என்றால் டிஸ்கை ஒரே இடத்தில் வைத்து நெட்வொர்க் வழியாக எடுப்பது நல்லது. எளிய வழி, கம்ப்யூட்டரில் ஃபோல்டரை ஷேர் செய்து கோடியிலோ விஎல்சியிலோ திறப்பது. ரௌட்டரின் யூஎஸ்பியில் டிஸ்கைச் செருகும் வழியும் உண்டு. பழைய ரௌட்டர்கள், ஃபைல் பகிரும் எஸ்எம்பி முறையின் முதல் பதிப்பையே பேசும், புதிய விண்டோஸும் கோடியும் அதைப் பாதுகாப்புக்காக மறுக்கும். ‘ஃபோல்டர் தெரியவே இல்லை’ என்ற புகாரில் இந்தக் காரணம் அடிக்கடி வரும்.

போஸ்டரோடு, விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதியோடு வேண்டும் என்றால் ஜெல்லிஃபின் அல்லது பிளெக்ஸ் என்ற சர்வர் மென்பொருள். ஜெல்லிஃபின் முழுக்க இலவசம். பிளெக்ஸில் ஹார்ட்வேர் டிரான்ஸ்கோடிங்குக்குக் கட்டணம் உண்டு. டிவி ஓட்டத் தெரியாத ஃபைலை ஓடும்போதே மாற்றிக் கொடுப்பதுதான் டிரான்ஸ்கோடிங். இன்டெல் என்100 சிப் உள்ள சின்ன கம்ப்யூட்டர் இதைச் சிரமமில்லாமல் செய்யும், பத்து வருடப் பழைய லேப்டாப் 4கேயில் மூச்சுத் திணறும். ஆடியோ மட்டும் மாற்றுவது லேசான வேலை. ஆனால் டிவிடி, புளூரே டிஸ்க்கிலிருந்து வந்த, எழுத்தாக அல்லாமல் படமாக உள்ள சப்டைட்டிலைப் போட்டால், பல டிவிகளுக்காக அதை வீடியோவிலேயே பொறிக்க வேண்டி வந்து முழு வீடியோவும் டிரான்ஸ்கோட் ஆகும். சப்டைட்டில் போட்டதும் திக்க ஆரம்பித்தால் காரணம் இதுதான். டிவியில் நல்ல பெட்டி இருந்தால் சர்வர் எதையும் மாற்றவே தேவையில்லை.

வேகம் பற்றி: 100 மெகாபிட் லேன் போர்ட்டில் உண்மையில் 95 அளவுக்குத்தான் கிடைக்கும். 4கே புளூரேயின் உச்சம் 128 வரை போகும் என்பதால் சராசரி 60 உள்ள படமும் சண்டைக் காட்சியில் நிற்கலாம். விலை உயர்ந்த டிவிகளிலும் லேன் போர்ட் பெரும்பாலும் 100தான், ஆகவே அங்கே 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையே வேகம். ஆனால் 5 கிகாஹெர்ட்ஸ் இரண்டு கான்கிரீட் சுவரைத் தாண்டினால் சோர்ந்துவிடும். ரௌட்டர் அடுத்த அறையில் என்றால் ஒரு கேட்6 கேபிள் இழுத்துவிடுவதுதான் நிரந்தரத் தீர்வு.

சத்தம்

டிவி ஸ்பீக்கரில் மட்டுமே கேட்பவர்கள் பெட்டியின் ஆடியோ அமைப்பில் ஸ்டீரியோ அல்லது பிசிஎம் வைக்க வேண்டும். பாஸ்த்ரூ (ஆடியோவைப் பிரிக்காமல் அனுப்புவது) வைத்துவிட்டு ‘சத்தமே இல்லை’ என்று தவிப்பவர்கள் அதிகம். பாட்டு காதைப் பிளக்கிறது, வசனம் கேட்கவில்லை என்றால் 5.1 ஆடியோ இரண்டு சேனலாகச் சுருங்கும்போது நடுச் சேனல் அமுங்குகிறது. கோடியில் ஓடும் வீடியோவின் ஆடியோ அமைப்பில் நடுச் சேனலை உயர்த்திக்கொள்ளலாம்.

சவுண்ட்பார் அல்லது ரிசீவர் இருந்தால், டிவியின் ஏஆர்சி (டிவியிலிருந்து சத்தத்தை வெளியே அனுப்பும் ஹெச்டிஎம்ஐ போர்ட்) வழியே டால்பி டிஜிட்டல், டால்பி டிஜிட்டல் பிளஸ் போகும். ட்ரூஹெச்டிக்கு அதன் மேம்பட்ட வடிவமான இஏஆர்சி வேண்டும். டிடிஎஸ் இல்லாத டிவி, வெளிப்பெட்டியிலிருந்து வரும் டிடிஎஸ்ஸையும் சவுண்ட்பாருக்குக் கடத்தாமல் விடக்கூடும். பெட்டியை நேராக ரிசீவரின் ஹெச்டிஎம்ஐ இன்னில் செருகி, அங்கிருந்து டிவிக்கு எடுத்தால் இந்தத் தொல்லை இல்லை.

படம் நடுங்கினால்

நம் ஊர் கல்யாண வீடியோக்கள் பெரும்பாலும் நொடிக்கு 25 அல்லது 50 ஃபிரேம். பெட்டி டிவிக்கு 60 ஹெர்ட்ஸில் அனுப்பினால், 25 ஃபிரேமில் 10 மட்டும் மும்முறையும் மீதி 15 இருமுறையும் காட்டப்படும். மணமேடையை மெல்ல வளைத்து எடுத்த காட்சியில் அந்தத் தடுமாற்றம் கண்ணில் குத்தும். கோடியில் பிளேயர் அமைப்பில் ‘அட்ஜஸ்ட் டிஸ்ப்ளே ரெஃப்ரெஷ் ரேட்’டை ஆன் செய்யுங்கள், ஃபயர் டிவியிலும் ஆப்பிள் டிவியிலும் இதற்கு இணையான ‘மேட்ச்’ அமைப்பு உண்டு. வீடியோ தொடங்கும்போது ஒரு நொடி திரை கறுக்கும், பழுதல்ல.

டிவிடியிலிருந்து எடுத்த விஓபி ஃபைல்கள் 1 ஜிபி துண்டுகளாக இருக்கும். மேக்எம்கேவியில் போட்டு ஒரே எம்கேவியாகச் சேர்த்துவிடுங்கள், தரம் குறையாது. அவை பெரும்பாலும் இன்டர்லேஸ் வகை (ஒரு ஃபிரேமை ஒற்றை, இரட்டை வரிகளாகப் பிரித்துப் பதிந்தது). ஆள் கையசைக்கும்போது சீப்புப் பல் மாதிரி கோடு தெரிந்தால் பிளேயரில் டீஇன்டர்லேஸ் ஆன் செய்ய வேண்டும். முகங்கள் அகலமாகத் தெரிந்தால் டிவியின் பட அளவை 4:3க்கு மாற்றுங்கள்.

ஹெச்டிஆர் வீடியோ, ஹெச்டிஆர் இல்லாத டிவியில் சாம்பல் பூத்த மாதிரி வெளிறித் தெரியும். அதைச் சாதாரண டிவிக்கு ஏற்ப மாற்றும் டோன் மேப்பிங் வசதி உள்ள பெட்டி வேண்டும். படம் முழுக்க ஊதாவும் பச்சையுமாக வந்தால் அது டால்பி விஷனின் 5ஆம் புரொஃபைல்; அதை ஆதரிக்காத பெட்டி. சாம்சங் டிவிகளில் டால்பி விஷன் கிடையாது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

தமிழ் சப்டைட்டில்

டிவிக்குள்ளேயே இருக்கும் பிளேயர்களின் பலவீனம் இதில்தான் அப்பட்டமாகத் தெரியும். கட்டம் கட்டமாக வரும், அல்லது ‘கொ’வில் கொம்பு ஒரு பக்கமும் துணைக்கால் ஒரு பக்கமுமாகச் சிதறும். கோடியின் 20ஆம் பதிப்புக்குப் பிறகு எழுத்துக் கோர்ப்பு நன்றாகவே இருக்கிறது. அங்கும் கட்டம் வந்தால் நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவை கோடியின் மீடியா ஃபோல்டருக்குள் உள்ள ஃபான்ட்ஸில் போட்டு, சப்டைட்டில் அமைப்பில் அதைத் தேர்ந்தெடுங்கள்.

எஸ்ஆர்டி (சப்டைட்டில்) ஃபைல் யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டில் இருக்க வேண்டும். நோட்பேடில் திறந்து, ‘சேவ் ஆஸ்’ கொடுக்கும்போது என்கோடிங்கில் அதைத் தேர்ந்தெடுக்கலாம். தவறி ‘ஏஎன்எஸ்ஐ’யில் சேமித்தால் தமிழ் முழுக்கக் கேள்விக்குறியாக மாறும், திரும்ப வராது, ஆகவே முதலில் ஒரு பிரதி. பாமினி, டிஸ்கி போன்ற பழைய எழுத்துக் குறியீட்டில் உள்ள ஃபைல் என்றால் என்ஹெச்எம் கன்வர்ட்டர் போன்ற ஒன்றில் மாற்ற வேண்டும். சப்டைட்டிலின் பெயரும் வீடியோவின் பெயரும் ஒன்றாக இருந்தால் பிளேயர் தானாக எடுத்துக்கொள்ளும். டிவி மட்டுமே உள்ள வீட்டில் ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் சப்டைட்டிலைப் படத்திலேயே பொறித்துவிடுவது கடைசி வழி.

வாங்கிய பிறகு

திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் எல்லாவற்றையும் ஓட்டிப் பாருங்கள். பிட்ரேட் அதிகமான ஃபைலை நடுவில் பத்து இடத்தில் தாவி ஓட்டுங்கள். டிடிஎஸ் ஒன்று, பழைய விஓபி ஒன்று, தமிழ் சப்டைட்டில் ஒன்று. பிறகு ஒரு 4கே படத்தை இரண்டு மணி நேரம் நிறுத்தாமல். ஸ்டிக்குகள் டிவிக்குப் பின்னால் சூட்டில் மந்தமாவது முக்கால் மணி நேரத்துக்குப் பிறகுதான் தெரியும். அப்படித் தெரிந்தால் கூட வந்த குட்டி ஹெச்டிஎம்ஐ நீட்டிப்பைப் போட்டு, ஸ்டிக்கைக் காற்றுப் படும்படி வெளியே இழுத்து வையுங்கள்.

டிஸ்க் எப்போதும் செருகியே இருக்கப் போகிறது என்றால் மின்வெட்டையும் கணக்கில் எடுங்கள். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் எக்ஸ்ஃபேட் டிஸ்க் எளிதில் குழம்பும், என்டிஎஃப்எஸ் ஓரளவு தாங்கும். டிவி டிஸ்கைத் திடீரென ‘ஃபார்மேட் செய்யவா?’ என்று கேட்டால் சம்மதிக்காதீர்கள். கம்ப்யூட்டரில் செருகி எரர் செக்கிங் ஓட்டினால் பெரும்பாலும் திரும்பிவிடும். ஒரே பிரதியாக இருக்கும் கல்யாண வீடியோவை அந்த டிஸ்கில் மட்டும் வைக்க வேண்டாம்.